பாட்டியின் மஞ்சள் முடிச்சை என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பால்மரத்துப்பேத்தி

வணக்கம். இங்கே நான் எழுதுவதைவிடப் படிப்பதுதான் அதிகம். வீட்டில் ஒரு விஷயத்துக்கு ஆளுக்கொரு பேச்சாக இருக்கிறது, அதனால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் பாட்டி (அம்மாவின் அம்மா) காலமானார். 94 வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவருடைய சாமி மேடையைத் துடைத்து எடுத்தபோது, சமயபுரத்தம்மன் படத்துக்குப் பின்னால் ஒரு மைலோ டின். அதற்குள் மஞ்சள் துணியில் முடிந்த ஒரே ஒரு காசு. துணி புதிது, இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் இருக்காது. காசு ரொம்பப் பழையது. அதாவது துணி நைந்து போகப் போக மாற்றி மாற்றி முடிந்து வைத்திருக்கிறார். அம்மாவுக்கே இப்படி ஒன்று இருப்பது அரைகுறையாகத்தான் தெரியும். "ஜப்பான்காரன் காலத்தில் தாத்தாவைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போன அன்றைக்கு முடிந்தது" என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறார். சயாம் என்றால் இன்றைய தாய்லாந்து, அங்கே ரயில் பாதை போடும் வேலைக்கு.

பாட்டியைப் பற்றிச் சொல்லாமல் இது புரியாது. முசிறிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 1937-இல், பதினைந்து வயதில், அப்பா அம்மா தம்பியோடு நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி மலாயாவில் பினாங்கில் இறங்கியவர். கப்பல் கதை கேட்டால் கடலைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். தம்பிக்கு வழியெல்லாம் வாந்தி, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன், எழுந்து கடலைப் பார்க்கக்கூட முடியவில்லை என்பார், அவ்வளவுதான். பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கேயே கல்யாணம், அங்கேயே எட்டுப் பிள்ளைகள், அதில் ஐந்து தங்கியது. ஐம்பத்தைந்து வயதுவரை பால் வெட்டினார்.

விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு விளக்கேற்றிவிட்டுத்தான் பெரட்டுக்கு (காலையில் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் இடம்) போவார். நிரையில் முதல் மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் கத்தி. மழை பெய்து வேலை இல்லாத நாளிலும் மூன்றரை மூன்றரைதான். பங்குனி முடிய இருபத்தெட்டு நாள் விரதம், தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை, கை கொஞ்சம் தாராளமாக இருந்த வருஷம் பத்துமலை. எண்பது வயதிலும் 272 படியையும் ஏறினார், நடுவில் உட்காரச் சொன்னால் கோபம் வரும். 2006-இல் அந்தப் பெரிய முருகன் சிலை திறந்த பிறகு கூட்டிக்கொண்டு போனோம். 140 அடி. அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு ஒசரத்துல நின்னா நான் பேசறது எப்படிக் கேக்கும்" என்றார்.

சாமி விஷயத்தில் பாட்டியின் பிடிவாதத்துக்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன், எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம். 1970 வாக்கில், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்தபோது, தோட்டத்தில் பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். பாட்டியும் தாத்தாவும் சிவப்பு அட்டைக்காரர்கள், அதாவது குடியுரிமை இல்லாதவர்கள். தாத்தா ஊருக்கே போய்விடலாம் என்று எல்லாம் ஏற்பாடு பண்ணிவிட்டார். பாட்டி அசையவே இல்லை. "நீங்க போங்க, நான் இங்கதான் இருக்கணும்" என்றாராம். தோட்டத்து மாரியம்மனை விட்டு வரமாட்டேன் என்கிறாள் என்று தாத்தா கடைசிவரை கேலி செய்வார்.

இன்னொன்று நானே பார்த்தது. தொண்ணூறுகளின் கடைசியில் தோட்டத்தை விற்று லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்தார்கள், நாங்கள் ஈப்போவில் அடுக்குமாடிக்கு வந்தோம். கோயில் மட்டும் நின்றது. கிளம்புகிற அன்றைக்கு என்னிடம் ஒரு தாள் கொடுத்துப் புது வீட்டு முகவரியை மலாயிலும் தமிழிலும் எழுதச் சொன்னார். அதை லேமினேட் செய்து கோயில் கதவுக்கு உள்பக்கம் ஆணி அடித்து மாட்ட வேண்டும். "அம்மனுக்கு எதுக்குப் பாட்டி அட்ரஸ்?" என்றேன். "தேடி வந்தா தெரியணும்ல" என்றார். அம்மனுக்கே அட்ரஸ் கொடுத்த கிழவி என்று சொந்தக்காரர்கள் மத்தியில் பெயர் வாங்கிவிட்டார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். தாத்தா சயாமிலிருந்து உயிரோடு திரும்பி வந்து, 1979 வரை வாழ்ந்து, பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டுத்தான் போனார். அப்படியானால் வேண்டுதல் பலித்துவிட்டது. காணிக்கை ஏன் போகவில்லை? மாமா, இது தெய்வக் குத்தம், வீட்டில் இத்தனை வருஷம் நடந்த நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம், உடனே சமயபுரம் கொண்டுபோய்ச் செலுத்த வேண்டும் என்கிறார். அம்மா, கல்லுமலை உண்டியலில் போட்டால் போதாதா என்கிறார். என் அண்ணன், பழைய காசு, போடாதீர்கள், வைத்திருங்கள் என்கிறான். நீங்கள் சொல்லுங்கள்.

கிள்ளான்வாசி

ஆழ்ந்த அனுதாபம் தங்கச்சி. எங்கள் பக்கத்து வழக்கம், முடிந்தவர் செலுத்தாமல் போனால் பிள்ளைகள் செலுத்த வேண்டும். எந்தச் சாமிக்கு முடிந்ததோ அந்தச் சாமிக்குத்தான். தெரியாவிட்டால் குலதெய்வத்துக்கு. எங்கள் அப்பத்தா முடிந்து வைத்த திருப்பதிக் காசு இருபது வருஷம் கழித்துத்தான் போனது, அதோடு மேலே கொஞ்சம் சேர்த்துப் போட்டோம். மாமா சொல்வது முறைதான். ஆனால் இந்தத் தெய்வக் குத்தம் பேச்சை மட்டும் வீட்டில் வளரவிடாதீர்கள், பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த மைலோ டின்னைத்தான் பார்ப்பார்கள்.

திருச்சிக்காரி

நான் லால்குடி. சமயபுரத்துக்கு எட்டிவிடும் தூரம். உங்கள் பாட்டி பங்குனி முடிய இருந்தது பச்சைப் பட்டினி விரதம். மற்ற கோயில்களில் பக்தர்கள் அம்மனுக்காக விரதம் இருப்பார்கள், இங்கே அம்மன் மக்களுக்காக விரதம் இருக்கிறாள். மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் ஆரம்பித்து இருபத்தெட்டு நாள். அந்த நாள்களில் அவளுக்குத் தளிகை கிடையாது. நீர்மோர், பானகம், இளநீர், துள்ளுமாவு, இவ்வளவுதான் நைவேத்தியம். இதைப் பேராக்கில் ரப்பர் காட்டுக்குள் ஒருத்தர் எழுபது எண்பது வருஷம் விடாமல் இருந்திருக்கிறார் என்று படித்தபோது எனக்கு என்னவோ செய்துவிட்டது. நான் பக்கத்திலேயே இருந்துகொண்டு ஒரு வருஷம்கூட முழுதாக இருந்ததில்லை.

வெளிநாட்டுக் காசைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அந்த உண்டியலில் விழாத நாட்டுக் காசு இல்லை. வரமுடியாவிட்டால் எனக்கு அனுப்புங்கள், நானே முடிச்சோடு போட்டுவிட்டு வருகிறேன்.

பால்மரத்துப்பேத்தி

அக்கா, நன்றி. அந்த இருபத்தெட்டு நாளும் காலையில் பால் வெட்டி, தோள் காண்டாவில் (காவடிக் கட்டையில்) பால் வாளி சுமந்து ஸ்டோருக்குப் போய் எடை போட்டுவிட்டு வந்து, அதற்கப்புறம்தான் ஒரு குவளை மோர். எங்கள் அம்மா சின்ன வயதில் "பசியாறிட்டுப் போங்கம்மா" என்று அழுவாராம். "அவளே பட்டினி கெடக்கறா, எனக்கென்ன" என்று பதில் வரும். துள்ளுமாவை நாங்கள் சாமி மாவு என்போம், பிள்ளைகளுக்கு அதற்காகவே அந்த விரதம் பிடிக்கும்.

சும்மாவந்தவன்

யார் மனதையும் புண்படுத்த வரவில்லை, ஆனாலும் கேட்டுவிடுகிறேன். ஒரு சென் காசை எழுபது வருஷம் கழித்து விமானம் ஏறிப் போய்ப் போடாவிட்டால் கோபித்துக்கொள்கிற அம்மன் எந்த ஊர் அம்மன்? தாய் என்கிறீர்கள், கந்துவட்டிக்காரன் மாதிரி கணக்கும் வைக்கச் சொல்கிறீர்கள். என் தாத்தாவும் தோட்டம்தான், கெடா பக்கம். ஒரு முனையில் கள்ளுக்கடை, இன்னொரு முனையில் கோயில், நடுவில் லயம். இரண்டுமே துரைக்கு வசதி. ஒன்று சம்பளத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது, இன்னொன்று வாயைக் கட்டியது. இந்தக் கிழவி மூன்றரை மணிக்கு எழுந்தது பக்தி என்றால், அந்த நேரத்துக்கு எழ வைத்தது யார் என்றும் கேட்க வேண்டாமா?

ஈப்போ அக்கா

கேட்கலாம் தம்பி, ஆனால் பதிலைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். பால் மரத்தை வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் வெட்ட வேண்டும், அப்போதுதான் பால் நன்றாக இறங்கும். அதனால் பெரட்டு இருட்டில். துரை எழுப்பியது ஐந்து மணிக்கு. மூன்றரைக்கு எழுந்தது பாட்டி தனக்காக எழுந்தது. அந்த ஒன்றரை மணி நேரம் கங்காணிக்கும் கிராணிக்கும் (தோட்டத்துக் கணக்கர்) சொந்தமில்லை. என் அம்மாவும் அப்படித்தான். நாள் முழுக்கத் தண்டல் (வேலையை மேற்பார்க்கிறவர்) நம் பெயரைக் கூப்பிட்டு ஏவுகிற வாழ்க்கையில், யாரும் கூப்பிடாத நேரம் அது ஒன்றுதான்.

கோயில் வாயைக் கட்டியது என்கிறீர்கள். எங்கள் தோட்டத்தில் முதல் சங்கக் கூட்டம் நடந்ததே கோயில் மண்டபத்தில். வேறு எங்கே கூடினாலும் ஆள் வந்து எட்டிப் பார்ப்பான். திருவிழாக் கணக்கு எழுதிப் பழகியவர்கள்தான் அப்புறம் யூனியன் கணக்கு எழுதினார்கள். 1960-இல் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்து, தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கிறார்கள், நாமே சேர்ந்து வாங்குவோம் என்று பணம் சேர்த்தபோது, எங்கள் ஆள்கள் கோயிலில் சூடத்தைத் தொட்டுத்தான் சேர்ந்தார்கள். கள்ளுக்கடையைப் பற்றிச் சொன்னது சரி. அதில் சண்டைக்கு வரமாட்டேன்.

சும்மாவந்தவன்

ஒன்றரை மணி நேரம் சொன்னீர்களே, அது நான் யோசிக்காதது. மற்றதில் என் கருத்து மாறவில்லை. விழாக் கணக்கில் கை வைத்தவர்களும் அதே மண்டபத்தில்தான் இருந்தார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

ராஜுலா என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1926-இல் கட்டிய கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. நானே சிறுவனாக அதில் ஒரு முறை போயிருக்கிறேன். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, கடலில் நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். டெக் டிக்கெட்டில் திறந்த தளத்தில் வருகிறவர்களுக்குப் பாய் விரிக்கிற இடம்தான் வீடு. பினாங்கு வந்தாலும் உடனே இறங்க முடியாது. அம்மையோ வாந்திபேதியோ இருந்தால் ஜெரஜாக் தீவில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பாட்டி வந்தது 1937 என்பது கடைசிக் காலம். அடுத்த வருஷமே, 1938-இல், தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள்.

சிவப்பு அட்டை பற்றி ஒரு வார்த்தை. 1957 மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) பிறகு ஒரு வருஷம், மலாய் மொழித் தேர்வு இல்லாமலே குடியுரிமைக்கு மனுப் போடலாம் என்றிருந்தது. எத்தனை பேர் அதைத் தவறவிட்டார்கள்! இன்னும் ரெண்டு வருஷத்தில் ஊருக்குப் போகப்போகிறோம், நமக்கெதற்கு என்ற நினைப்பு. அந்த ரெண்டு வருஷம் யாருக்கும் வரவே இல்லை. 1968 சட்டத்தில் பெர்மிட் வந்தபோதுதான் தலையில் கை வைத்தார்கள். என் வகுப்பில் ஒரே தவணையில் ஒன்பது பிள்ளைகள் குறைந்துபோனார்கள்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. அந்தச் சமயத்தில் ஊருக்குப் போக மாட்டேன் என்று சொன்னவர்கள் பெரும்பாலும் இங்கேயே பிறந்தவர்கள். பதினைந்து வயதுவரை முசிறியில் வளர்ந்தவர், சமயபுரத்தம்மன் படத்தைப் பக்கத்திலேயே வைத்திருந்தவர், ஊர் அம்மனிடமே போகலாம் என்றால் சந்தோஷப்பட்டிருக்க வேண்டாமா? தோட்டத்து அம்மனுக்காக ஊர் அம்மனை வேண்டாம் என்றாரா?

பால்மரத்துப்பேத்தி

சார், இதை நாங்கள் யாரும் இப்படி யோசித்ததே இல்லை.

நாணயக்கிறுக்கன்

இழையைத் திசைதிருப்புவதற்கு மன்னிக்கவும். அந்தக் காசு எப்படி இருக்கிறது? வட்டமா சதுரமா, என்ன வருஷம் போட்டிருக்கிறது? தேய்க்காதீர்கள், புளி போட்டு விளக்காதீர்கள், கையால் மெதுவாகத் துடைத்துப் பார்த்தால் போதும்.

பால்மரத்துப்பேத்தி

அண்ணன் மாதிரியே கேட்கிறீர்கள். முடிச்சை அவிழ்க்கலாமா என்று அம்மாவுக்குத் தயக்கம். கற்பூரம் காட்டிவிட்டு அவிழ்த்தோம். சதுரம், முனைகள் மட்டும் மழுங்கல். ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராஜா. மறுபக்கம் ஒன் சென்ட், மலாயா, 1943. மஞ்சள் ஏறிக் கறுத்திருக்கிறது, ஆனால் எழுத்து தேயவே இல்லை. கையில் புழங்கிய காசு மாதிரித் தெரியவில்லை.

நாணயக்கிறுக்கன்

1943 தானா? மூன்று, ஒன்று இல்லை? இன்னொரு முறை வெளிச்சத்தில் பாருங்கள்.

பால்மரத்துப்பேத்தி

அம்மா பார்த்தார், அண்ணன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். 1943.

நாணயக்கிறுக்கன்

அப்படியானால் நீங்கள் கேள்விப்பட்ட கதை பொருந்தவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அது ஆறாம் ஜார்ஜ் காலத்துச் சதுரக் காசு. மதிப்பு ஒன்றும் பெரிதாக இல்லை, லட்சக்கணக்கில் அடித்தது, உங்கள் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. அதிலிருந்து 1945 செப்டம்பர்வரை இங்கே ஓடியது ஜப்பான் நோட்டு, வாழைமரம் போட்ட நோட்டு. பிரிட்டிஷ் ராஜா தலையோடு 1943 என்று போட்ட காசு அந்த வருஷம் மலாயாவுக்குள் வர வழியே இல்லை. அவர்கள் வெளியே அடித்து வைத்திருந்து, திரும்பி வந்தபோது கொண்டுவந்த காசு அது. எழுத்து தேயவில்லை என்று வேறு சொல்கிறீர்கள், புதுக் காசாகக் கைக்கு வந்ததும் முடிந்திருக்கிறார்.

தாத்தாவைப் பிடித்துக்கொண்டு போன அன்றைக்கு முடிந்ததாக இருக்க முடியாது. சண்டை முடிந்த பிறகு முடிந்தது.

கிள்ளான்வாசி

இடையில் காசை மட்டும் மாற்றியிருக்கலாமே? துணியை மாற்றியது போல?

திருச்சிக்காரி

துணியை மாற்றலாம், காசை மாற்ற மாட்டார்கள். முடிந்த காசு அம்மனுடையது ஆகிவிடும். அவசரத்துக்குக்கூட அதைத் தொட மாட்டோம்.

நாணயக்கிறுக்கன்

தாத்தா எப்போது திரும்பினார் என்று தெரியுமா? 1945 கடைசியிலிருந்து 1946-இலும் சயாமிலிருந்து ஆள்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். மற்றவர்கள் வருவதைப் பார்த்துவிட்டு, இவர் வரவில்லையே என்று முடிந்திருக்கலாம்.

பால்மரத்துப்பேத்தி

பெரியம்மா சுங்கை பட்டாணியில் இருக்கிறார். 1942-இல் பிறந்தவர், பாட்டியின் மூத்த பிள்ளை. காது மந்தம், போனில் பேசினால் கத்த வேண்டும். சனிக்கிழமை நேரில் போய்க் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

மலையகத்தான்

நான் இலங்கை, ஹட்டன் பக்கம். எங்கள் ஆள்கள் மண்டபம் முகாம், தலைமன்னார் வழியாக வந்தவர்கள், கப்பல் கதை சின்னது. ஆனால் லயம், பெரட்டு, கங்காணி, மாரியம்மன் என்று வார்த்தைக்கு வார்த்தை எங்கள் வீட்டைப் பார்ப்பது போலவே இருக்கிறது. எங்கள் அம்மாயி ஊரிலிருந்து கொண்டுவந்தது அம்மன் கோயில் மண் ஒரு பிடி. அதைத் தேயிலைத் தூருக்கடியில் போட்டு அங்கேயே கல் நட்டுக் கும்பிட்டார்கள். சனிக்கிழமைக்குக் காத்திருக்கிறேன்.

பால்மரத்துப்பேத்தி

நேற்று இரவுதான் திரும்பினோம். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

முடிச்சைப் பெரியம்மா கையில் கொடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் வச்சிருந்தாங்களா?" அவருக்குத் தெரிந்திருக்கிறது. கல்யாணமாகித் தோட்டத்தை விட்டுப் போகிற அன்றைக்குப் பாட்டி சொன்னாராம். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை.

தாத்தாவைப் பிடித்துக்கொண்டு போன லாரியில் பாட்டியின் தம்பியும் போயிருக்கிறார். முதல் பதிவில் சொன்னேனே, கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்த தம்பி. பாட்டியின் அப்பாவும் அம்மாவும் அதற்குள் காய்ச்சலில் போய்விட்டார்கள், பாட்டிதான் அவரை வளர்த்தது. வயதுக்கு மீறிய உயரமாம், அதனால் ஆள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். ஏற்றும்போது பாட்டி தாத்தாவிடம், "இவனை விட்றாதீங்க" என்றாராம்.

தாத்தா சண்டை முடிந்து 1946 தைப்பூசத்துக்குச் சில நாள் முன்னால் வந்தார். தனியாக. காலில் புண், எலும்பும் தோலுமாக. தோட்டமே கூடி மேளம் அடித்திருக்கிறது. ஒரு முகாமில் பேதி வந்து பிரித்து வைத்தார்கள், பையனை எந்தப் பக்கம் கொண்டுபோனார்கள் என்று தெரியாது, திரும்பி வந்த எல்லாரிடமும் கேட்டேன், யாரும் பார்க்கவில்லை, இவ்வளவுதான் தாத்தா சொன்னது. பாட்டி அதற்கு மேல் கேட்கவில்லை. குளிக்க வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் அந்தக் காசை முடிந்தார். தாத்தா வந்த அன்றைக்கு.

"அப்பா முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை கேட்டா அவரு செத்துருவாருன்னு அம்மாவுக்குத் தெரியும். அதனால அம்மனைக் கேட்டாங்க" என்றார் பெரியம்மா.

போகி அன்றைக்கும் ஆடியிலும் எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குப் படையல் போடுவோம். பாட்டி ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சொல்லித்தான் இலையைப் போடுவார். அவருடைய அப்பா, அம்மா, தங்காத மூன்று பிள்ளைகள், அப்புறம் தாத்தா. ஆறு இலை. சின்ன வயதிலிருந்து எனக்கு அந்த வரிசை மனப்பாடம். அதில் தம்பிக்கு இலை இருந்ததே இல்லை. அது ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதும் இல்லை.

அந்தக் கோயில் கதவில் மாட்டின அட்டை ஞாபகம் வந்து, காரில் வரும்போது நானும் அம்மாவும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்

நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது அம்மா. கேட்டிருக்க வேண்டாமோ என்று இருக்கிறது.

ஈப்போ அக்கா

வேலைக்கு நடுவில் படித்தேன், எழுந்து வெளியே போய்விட்டு வந்தேன்.

வடக்கேபோனவன்

நான் சில வருஷம் முன்னால் காஞ்சனபுரி போயிருந்தேன். 415 கிலோமீட்டர் ரயில் பாதை, சயாமிலிருந்து பர்மாவுக்கு, 1943 அக்டோபரில் முடித்தார்கள். அங்கே போர்க் கல்லறை இருக்கிறது, பச்சைப் பசேல் என்று புல், வரிசை வரிசையாகக் கல், ஏழாயிரம் பேருக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, வயது, வீட்டார் எழுதிய ஒரு வரி. எல்லாரும் போர்க்கைதிகள், பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். நான் அரை மணி நேரம் ஒரு தமிழ்ப் பெயராவது கண்ணில் படுமா என்று நடந்தேன். பிறகுதான் புரிந்தது, நம் ஆள்கள் சிப்பாய்கள் இல்லை, கூலிகள், அவர்களுக்குப் படைப்பிரிவு எண் கிடையாது, அதனால் கல்லும் கிடையாது. செத்ததோ கைதிகளைவிடப் பல மடங்கு. தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று எல்லாரும். பேதி வந்த முகாமில் எல்லாரையும் ஒரே குழியில் போட்டு மூடினார்கள் என்று திரும்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. அங்கேயே தங்கிவிட்ட தமிழர்களும் உண்டு. சயாம்காரியைக் கட்டிக்கொண்டு, பெயர் மாறி, மொழி மறந்து. பாட்டி நினைத்தது நடக்கவே முடியாத ஒன்று என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

கிள்ளான்வாசி

அப்படியானால் நான் முதலில் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வேண்டுதல் பலிக்கவில்லை, அதனால் காணிக்கை பாக்கி இல்லை. தெய்வக் குத்தம் எதுவும் இல்லை என்று மாமாவிடம் சொல்லுங்கள். பாக்கி இருந்தால் அம்மன் பக்கம்தான் இருக்கிறது.

திருச்சிக்காரி

அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் மறுக்கவும் முடியவில்லை. எழுபது வருஷம், வருஷத்துக்கு இருபத்தெட்டு நாள். அம்மனோடு சேர்ந்து பட்டினி கிடந்தவர், ஒரு தடவையாவது "என்ன ஆச்சு" என்று அவளை அதட்டிக் கேட்டிருப்பாரா?

பால்மரத்துப்பேத்தி

பத்துமலையில் ஒரு தடவை கேட்டேன் அக்கா, என்ன பாட்டி வேண்டிக்கிட்டீங்க என்று. "வேண்டறது ஒண்ணுதான். புதுசா சொல்ல என்ன இருக்கு" என்றார். எங்கள் எல்லாருக்காகவும்தான் வேண்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சும்மாவந்தவன்

தம்பிக்கு என்ன வயது, பிடித்துக்கொண்டு போகும்போது?

பால்மரத்துப்பேத்தி

பதினைந்து. கப்பலில் வரும்போது ஒன்பது.

மலையகத்தான்

இப்போது முடிச்சை என்ன செய்யப் போகிறீர்கள்?

பால்மரத்துப்பேத்தி

நேற்று ராத்திரி வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். பேசினோம் என்ன, ஆளாளுக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணன், காஞ்சனபுரி கொண்டுபோய் அங்கே ஆற்றில் போடலாம் என்றான். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, "ஆத்துல போடறது செத்தவங்களுக்கு" என்றார். சமயபுரம் உண்டியலும் வேண்டாம் என்றாகிவிட்டது. திருச்சி அக்கா, நீங்கள் சொன்னதற்கு நன்றி, ஆனால் அது செலுத்த வேண்டிய காசு இல்லை.

வரும் தையில் பாட்டிக்கு ஏழாவது இலை போடுவோம். எட்டாவது போடுவதா என்ற கேள்வியைப் பெரியம்மாவிடம்தான் விட்டோம். "நான் இருக்கற வரைக்கும் வேணாம்" என்றுவிட்டார்.

முடிச்சை அவிழ்த்தது அவிழ்த்ததுதான், பழைய துணியில் திரும்ப முடிய மனம் வரவில்லை. அம்மா வெள்ளைத் துணி கிழித்து மஞ்சளில் நனைத்துப் பின்பக்கம் காயப் போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை முடிந்து, அதே டின்னில், அதே படத்துக்குப் பின்னால்.

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். தெய்வக் குத்தம் என்று குதித்தாரே, மாமா. இன்றைக்குக் காலையில் யாரிடமும் சொல்லாமல் பழைய தோட்டத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டன, கோயில் மட்டும் தகரக் கூரையோடு இன்னும் நிற்கிறது. பாட்டி மாட்டின அட்டை மங்கிப் போய் ஆணியில் அப்படியே இருந்ததாம். பாட்டி இருந்த அடுக்குமாடியை அடுத்த மாதம் காலி செய்கிறோம். அதனால் எங்கள் அம்மா வீட்டு முகவரியை எழுதிப் புது அட்டை மாட்டிவிட்டு வந்திருக்கிறார், இந்த முறை கைப்பேசி எண்ணோடு.

சும்மாவந்தவன்

லேமினேட் பண்ணினாரா? மழைக்காலம் வருகிறது.

பால்மரத்துப்பேத்தி

இரண்டு பக்கமும்.